குளிர் முடிகிற நேரத்தில் வீட்டுத் தோட்டம்: எதில் இப்போது கைவைக்கலாம், எதில் கூடாது

கேள்வி இதுதான்: “புது வீட்டுக்கு வந்து இது முதல் குளிர்காலம். வீட்டைச் சுற்றிப் பழைய புல்தரை, மூன்று மரங்கள், பெயர் தெரியாத சில புதர்கள். இன்னும் ஒன்றரை மாதத்தில் குளிர் விட்டுவிடும். வெயில் வந்த பிறகு தோட்ட வேலையை ஆரம்பித்தால் போதுமா, இல்லை இப்போதே ஏதாவது செய்து வைக்க வேண்டுமா?”

இப்போதே வேலை இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் அதில் முக்கால்வாசி மண்வெட்டியைத் தொடாமல் செய்கிற வேலை. பார்க்க வேண்டும், அளக்க வேண்டும், வரைய வேண்டும், மரங்களைக் கவாத்து செய்ய வேண்டும், அதாவது வேண்டாத கிளைகளை வெட்டி ஒழுங்குபடுத்த வேண்டும். மண்ணைக் கிளறுவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. கடுங்குளிருக்கு நடுவே திடீரென்று ஒரு வெயில் நாள் வரும். கை துறுதுறுக்கும். அந்த ஒரு நாளில் ஈர மண்ணில் இறங்கி மிதித்துக் கொத்திவிட்டு, வருடம் முழுக்க அதனால் அவதிப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப் போடுவது என்ற வரிசையையே பதிலாகச் சொல்கிறேன்.

முதல் வேலை, பார்ப்பது. இலையெல்லாம் கொட்டிக் கிடக்கிற இந்த மாதங்களில்தான் ஒரு தோட்டத்தின் எலும்புக்கூடு தெரியும். எந்த மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, பக்கத்து வீட்டு ஜன்னல் எங்கே நேராக நம் சமையலறையைப் பார்க்கிறது, காற்று எந்த மூலையில் நுழைகிறது என்பதெல்லாம் கோடையில் இலைக்குப் பின்னால் மறைந்துவிடும். வீட்டுக்குள் நீங்கள் அதிக நேரம் உட்காரும் இடத்தில் இருந்தே பாருங்கள். வருடத்தில் பல மாதங்கள் தோட்டத்தை ஜன்னல் வழியாகத்தான் பார்க்கப் போகிறீர்கள். அந்தப் பார்வையில் எது விழுகிறது என்பதை வைத்துத் திட்டம் போட்டால், குளிர்காலத்திலும் கண்ணுக்கு ஏதாவது இருக்கும். நல்ல பட்டை உள்ள ஒரு மரமோ, பசுமை மாறாத ஒரு புதரோ, காய்ந்தும் நிமிர்ந்து நிற்கிற புல்லோ.

பனி விழுகிற இடமாக இருந்தால் உங்களுக்கு இலவசமாக ஒரு வரைபடமே கிடைக்கிறது. பனி உருகுகிற ஒரு நாளில், காலை ஒருமுறை, மதியம் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை, ஒரே இடத்தில் நின்று போட்டோ எடுங்கள். எங்கே பனி முதலில் கரைகிறதோ அங்கே வெயிலும் சூடும் அதிகம். சுவர் வாங்கி வைத்த வெப்பமும் அதற்குக் காரணமாக இருக்கலாம். எங்கே கடைசி வரை வெள்ளையாகக் கிடக்கிறதோ அது நிழல் மூலை, அல்லது குளிர் காற்று தேங்குகிற பள்ளம். குளிர் காற்று கனமானது, தண்ணீர் மாதிரியே சரிவில் இறங்கி, வேலியோ சுவரோ தடுத்தால் அங்கேயே நிற்கும். சீக்கிரம் பூக்கிற பழ மரத்தை அந்தப் பள்ளத்தில் வைத்தால், பூத்த வாரத்தில் உறைபனி வந்து பூவைக் கருக்கிவிடும். சூடான மூலையிலும் வைக்க வேண்டாம், மரம் அவசரப்பட்டுப் பூத்துவிடும். சரிவின் நடுப்பகுதிதான் அதற்குப் பாதுகாப்பு.

வெயிலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இப்போது தெரிகிற வெயில் கோடையின் வெயில் இல்லை. வட அட்சரேகை 40 டிகிரியில் இருக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 27 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். ஜூன் கடைசியில் அதே சூரியன் 73 டிகிரிக்கு ஏறிவிடும். 6 மீட்டர் உயரச் சுவரின் நிழல் டிசம்பரில் 12 மீட்டர் நீளும், ஜூனில் 2 மீட்டர்கூட இருக்காது. ஆகவே இன்று நிழலாகக் கிடக்கும் இடம் கோடையில் சுள்ளென்று காயலாம். நேர்மாறாக, இன்று மொட்டை மரத்துக்கு அடியில் பளிச்சென்று இருக்கிற இடம், இலை விட்டதும் அடர் நிழலாகிவிடும். இரண்டையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் காய்கறிப் பாத்திக்கு இடம் பார்க்க வேண்டும். காய்க்கிற செடிகளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேர நேரடி வெயில் வேண்டும், அதில் சமரசமே கிடையாது.

அடுத்தது தண்ணீர். என் கணக்கில் செடி செத்துப்போவதற்கு உரக்குறையைவிட நீர் தேங்குவதுதான் பெரிய காரணம், அதைப் பார்க்க இதைவிட நல்ல பருவம் இல்லை. பனி உருகியதும், பெரிய மழை விட்டதும், குடையோடு வெளியே போய் ஒரு சுற்று வாருங்கள். எங்கே குட்டை நிற்கிறது, எத்தனை நாள் நிற்கிறது, கூரைத் தண்ணீர் குழாய் எங்கே வந்து கொட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வீட்டு அடித்தளத்தை ஒட்டி நிலத்தின் வாட்டம் வெளிப்பக்கமாக இருக்க வேண்டும். முதல் 3 மீட்டருக்குள் 15 செ.மீ. இறங்கினால் சரி. ஒரு நூலும் ரசமட்டமும் இருந்தால் இதை நீங்களே பார்த்துவிடலாம். வாட்டம் வீட்டை நோக்கி இருந்தால், செடி வாங்குவதற்கு முன்னால் அதைச் சரிசெய்ய வேண்டும். பாத்தியெல்லாம் போட்டு முடித்த பிறகு மண்ணை ஏற்றி இறக்குவது பெரிய வேதனை.

மண் உறைந்திருக்காத ஒரு நாளில் வடிகால் சோதனையும் செய்துவிடுங்கள். 30 செ.மீ. ஆழம், அதே அகலத்தில் ஒரு குழி. தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, இரண்டாவது முறை நிரப்புங்கள். குழிக்குள் ஒரு அளவுகோலை நிறுத்தி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 2.5 செ.மீ. முதல் 7.5 செ.மீ. வரை இறங்கினால் பெரும்பாலான செடிகளுக்கு ஏற்ற மண். 2.5-க்கும் குறைவு என்றால் அந்த இடத்தில் மேட்டுப்பாத்தி போடுங்கள், அல்லது வேரில் ஈரம் நின்றாலும் தாங்குகிற செடியைத் தேர்ந்தெடுங்கள். தோட்டத்தில் ஒரே ஒரு குழி போட்டு முடித்துவிடாதீர்கள். வீடு கட்டும்போது லாரி நின்ற இடமும் நிற்காத இடமும் ஒரே நிலத்தில் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

இவ்வளவும் பார்த்த பிறகு காகிதத்துக்கு வாருங்கள். கட்டம் போட்ட தாளில் 1 செ.மீ.க்கு 1 மீட்டர் என்ற அளவு வீட்டுத் தோட்டத்துக்குப் போதும். வீடு, வாசல்கள், ஜன்னல்கள், இருக்கிற மரங்கள், வெளிக்குழாய், மண்ணுக்கடியில் போகும் மின்சாரம், எரிவாயு, கழிவுநீர்க் குழாய்கள் எல்லாம் அதில் வர வேண்டும். கடைசியாகச் சொன்னவற்றை ஊகிக்காதீர்கள், சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டு உறுதிப்படுத்திய பிறகுதான் எங்கேயும் ஆழமாகத் தோண்ட வேண்டும். அந்தத் தாளின் மேல் மெல்லிய தாளை வைத்து யோசனைகளை வரையுங்கள். பிடிக்கவில்லையென்றால் மேல் தாளை மட்டும் கசக்கிப் போடலாம். ஒவ்வொரு செடியையும் அதன் முழு வளர்ச்சி அகலத்துக்கு வட்டமாக வரையுங்கள், வாங்கும்போது இருக்கும் அளவில் வரையாதீர்கள். 3 மீட்டர் விரியப் போகும் புதரை ஜன்னலுக்கு ஒரு மீட்டர் தள்ளி நட்டுவிட்டு, பிறகு ஆயுள் முழுக்க அதோடு கத்தரியை வைத்துச் சண்டை போடுவதைப் பல வீடுகளில் பார்க்கலாம். பாதைக்கு, ஒருவர் தள்ளுவண்டியோடு போக 90 செ.மீ., இரண்டு பேர் பேசிக்கொண்டு நடக்க 1.2 முதல் 1.5 மீட்டர் வேண்டும். காகிதத்தில் சரியாக வந்ததும், பாத்தியின் விளிம்பைத் தண்ணீர்க் குழாயையோ கயிற்றையோ கொண்டு தரையில் போட்டு, மாடி ஜன்னலில் இருந்து பாருங்கள். காகிதத்தில் அழகாகத் தெரிந்த வளைவு தரையில் பாம்பு நெளிவதுபோல இருந்தால் நேராக்கிவிடுங்கள்.

இதற்கிடையில் மண் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுவது நல்லது. வசந்தம் வந்ததும் எல்லோரும் அனுப்புவார்கள், முடிவு வரத் தாமதமாகும். பத்துப் பதினைந்து இடங்களில் 15 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்து, பிளாஸ்டிக் வாளியில் கலந்து, அதிலிருந்து ஒரு பங்கை அனுப்புங்கள். துத்தநாகப் பூச்சுள்ள இரும்பு வாளி வேண்டாம், துத்தநாக அளவு தவறாகக் காட்டும். பெரும்பாலான செடிகளுக்கு மண்ணின் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் அதிகம்) 6-க்கும் 7-க்கும் இடையே இருந்தால் போதும். புளூபெர்ரி, அசேலியா மாதிரியானவை 4.5 முதல் 5.5 வரை கேட்கும். அமில மண்ணுக்குச் சுண்ணாம்பு போட வேண்டி வந்தால் சீக்கிரம் போடுவது லாபம், அது வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகும். ஆனால் சோதனை முடிவு கையில் இல்லாமல் சுண்ணாம்போ சாம்பலோ கொட்டாதீர்கள். ஏற்றின பி.எச்.-ஐ இறக்குவது மிகவும் சிரமம்.

சரி, மண்ணில் எப்போது இறங்கலாம்? நாள்காட்டி இதற்கு உதவாது, கைதான் சொல்ல வேண்டும். மண்வெட்டி ஒரு முறை இறங்குகிற ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுங்கள். மேல்மண் காய்ந்திருந்தாலும் கீழே சொதசொதவென்று இருக்கலாம், அதனால் ஆழத்து மண்தான் வேண்டும். உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடித்துவிட்டு விரல்களைத் திறங்கள். உருண்டை பளபளவென்று மின்னி, விரல் ரேகை அதில் அப்படியே பதிந்து, கட்டை விரலால் அழுத்தினால் பள்ளம் மட்டும் விழுந்து உடையாமல் நின்றால், மண்வெட்டியைத் திரும்ப உள்ளே வையுங்கள். அழுத்தியதும் பொலபொலவென்று உதிர்ந்தால் பதம் வந்துவிட்டது. களிமண்ணாக இருந்தால் இந்தப் பதம் சில நாட்களே நிற்கும், பிறகு கல்லாகிவிடும், அதனால் தினமும் பார்க்க வேண்டும். ஈரக் களிமண்ணை மிதித்தாலோ கிளறினாலோ மண் துகள்களுக்கு நடுவே காற்றும் நீரும் போகிற இடைவெளிகள் நசுங்கிவிடுகின்றன. காய்ந்ததும் அது செங்கல் கட்டியாகும், வேர் உள்ளே போகாது, சரியாகப் பல பருவங்கள் பிடிக்கும். ஈரத்தில் போயே ஆக வேண்டும் என்றால் ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் நில்லுங்கள். உறைபனி படிந்த புல்லின் மேலும் நடக்க வேண்டாம், நடந்த தடம் பழுப்பாகத் தெரியும்.

இந்தப் பருவத்துக்கே உரிய பெரிய வேலை கவாத்து. மரம் தூக்கத்தில் இருக்கிறது, கிளையமைப்பு முழுதாகத் தெரிகிறது, நோய்க் கிருமிகளும் பூச்சிகளும் அடங்கியிருக்கின்றன, சில வாரங்களில் வளர்ச்சி தொடங்கியதும் வெட்டுக்காயம் வேகமாக மூடும். ஆப்பிள், பேரி மரங்களுக்கு இதைவிட நல்ல நேரம் இல்லை. முதலில் செத்தது, நோய் பிடித்தது, உடைந்தது என்று மூன்றையும் எடுங்கள். பிறகு ஒன்றோடொன்று உரசுகிற கிளைகளில் பலவீனமானதை எடுங்கள். அதோடு நிறுத்திவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். ஒரே வருடத்தில் கால் பங்குக்கு மேல் வெட்டினால் மரம் பயந்துபோய் நேராக மேலே போகும் நீர்க்கிளைகளாகத் தள்ளும், அடுத்த வருடம் வேலை இரட்டிப்பாகும்.

எங்கே வெட்டுவது என்பதில்தான் மரத்தின் ஆயுளே இருக்கிறது. கிளை தண்டோடு சேருகிற இடத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள், விரலால் தடவியும் பாருங்கள். அங்கே ஒரு சிறிய வீக்கம், சட்டைக் கழுத்துப்பட்டைபோல மடிப்பு மடிப்பாக, கிளையைச் சுற்றி ஓடும். அந்தக் கழுத்து தண்டின் திசு, கிளையுடையது இல்லை. வெட்டு அதற்கு வெளியே, அதை ஒட்டி விழ வேண்டும். தண்டோடு வழித்து வெட்டினால் கழுத்தும் போய்விடும், காயம் மூடாது, அழுகல் தண்டுக்குள் இறங்கும். குச்சியாக நீட்டி விட்டாலும் அது செத்து அழுகும். அமெரிக்க வனச் சேவையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து, 1970களிலும் 80களிலும் இதை விளக்கினார். மரம் காயத்தை ஆற்றுவதில்லை, அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது. வெட்டின இடத்தில் தார், பெயின்ட் பூசும் பழக்கத்தால் அழுகல் நிற்பதில்லை என்பதும் அந்த ஆய்வுகளில் இருந்து தெளிவானது. பூச வேண்டாம், திறந்து விடுங்கள்.

கை மணிக்கட்டைவிடத் தடிமனான கிளையென்றால் மூன்று வெட்டாகச் செய்யுங்கள். தண்டிலிருந்து 30 செ.மீ. தள்ளி, அடியிலிருந்து மேல்நோக்கி மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு ஒரு வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது வெட்டு. கிளை பட்டையை உரித்துக்கொண்டு போகாமல் சுத்தமாக விழும். மிச்சமிருக்கும் குச்சியைக் கழுத்துக்கு வெளியே மூன்றாவதாக அறுத்து எடுங்கள். ஏணி ஏறினால்தான் எட்டும் பெரிய கிளைகளை, மின்கம்பிக்குப் பக்கத்தில் இருப்பதை, பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள். நோய் பிடித்த மரத்தில் வேலை செய்தால், ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவே 70 சதவீத ஆல்கஹாலால் கத்தரியைத் துடைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் இப்போது வெட்டக் கூடாது என்பது இதைவிட முக்கியம். லைலாக், ஃபோர்சிதியா மாதிரி வசந்தத் தொடக்கத்தில் பூக்கும் புதர்கள், போன கோடையிலேயே மொட்டு வைத்து முடித்துவிட்டன. இப்போது வெட்டினால் அந்த வருடப் பூவை வெட்டிப் போடுகிறீர்கள். நான் ஒரு முறை நன்றாக வளர்ந்த லைலாக்கை, ஒழுங்கில்லாமல் இருக்கிறதே என்று குளிர் முடியும் முன்பு சீராக வெட்டி வைத்தேன். அந்த வசந்தத்தில் ஒரு கொத்துகூடப் பூக்கவில்லை. இவற்றுக்குப் பூத்து முடிந்த உடனே கவாத்து. ஹைட்ரேஞ்சியா என்ற பூம்புதரில் இரண்டு வகையும் உண்டு. பெரிய இலையோடு நீலமும் இளஞ்சிவப்புமாகப் பூப்பது பழைய தண்டில் பூக்கும், தொடாதீர்கள். கூம்பு வடிவத்தில் பூக்கிறது புதுத் தளிரில் பூக்கும், அதை இப்போது வெட்டலாம். செர்ரி, பிளம் மரங்களைக் குளிரும் ஈரமுமான இடங்களில் கோடையில் வெட்டுவதே பாதுகாப்பு, ஈரப் பருவத்தில் வெள்ளியிலை நோய்ப் பூஞ்சை வெட்டுவழியே நுழையும். மேப்பிள், பர்ச் மரங்களை இப்போது வெட்டினால் சொட்டுச் சொட்டாக நீர் வடியும். பார்க்கப் பதறும், ஆனால் மரத்துக்குக் கேடில்லை.

உங்களுக்குப் புதர்களின் பெயர் தெரியாது என்பதால் ஒரு வழி சொல்கிறேன். ஒவ்வொன்றிலும் இரண்டு குச்சி வெட்டி, எந்தப் புதர் என்று சீட்டு கட்டி, வீட்டுக்குள் தண்ணீரில் வையுங்கள். தண்ணீரைச் சில நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஃபோர்சிதியா மாதிரியானவை இரண்டு மூன்று வாரத்துக்குள் பூத்துவிடும். பூத்தது என்றால் வெளியே இருக்கிற அந்தப் புதரை இப்போது தொடக் கூடாது. பூக்கவில்லை என்பதற்காக உடனே கத்தரியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், சில இனங்கள் தாமதம். குச்சியில் மொட்டுகளையும் பாருங்கள். ஒல்லியாகத் தண்டோடு ஒட்டியிருப்பது பெரும்பாலும் இலை மொட்டு, உருண்டு புடைத்திருப்பது பூ மொட்டு.

சுத்தம் செய்வதில் நிதானம் வேண்டும். போன வருடத்துக் காய்ந்த தண்டுகளுக்குள் காட்டுத் தேனீக்களும், சருகுக்கு அடியில் வண்ணத்துப்பூச்சிப் புழுக்களும் வண்டுகளும் குளிரைக் கழிக்கின்றன. பகல் வெப்பம் தொடர்ந்து 10 டிகிரியைத் தாண்டும் வரை சருகை அப்படியே விடுங்கள். பிறகு வெட்டும்போதும் உள்ளீடற்ற தண்டுகளில் 30, 40 செ.மீ. விட்டு வெட்டினால், அடுத்த தலைமுறைத் தேனீ அதில் கூடு வைக்கும். நோய் பிடித்த இலைகளை மட்டும் இப்போதே எடுத்து அப்புறப்படுத்துங்கள். உறைந்து உருகி உறைந்து மண் தூக்கிவிட்ட சிறு செடிகள் இருந்தால், வேர் காற்றில் காயும் முன்பு உள்ளங்கையால் மெல்ல அழுத்தி, மேலே சருகு, வைக்கோல் மாதிரி மண்ணை மூடி வைக்கும் மூடாக்கு போடுங்கள். அகற்ற வேண்டிய வேலிப்புதர் இருந்தால் பறவைகள் கூடு கட்டத் தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள்.

மரம் வைக்க நினைத்தால், மண்ணில்லாமல் வெறும் வேரோடு விற்கப்படும் கன்றுகள் கிடைப்பது இந்தச் சமயத்தில்தான். தொட்டிக் கன்றைவிட மலிவு, வேரைக் கண்ணால் பார்த்து வாங்கலாம். நடுவதற்கு முன் வேரைச் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள், ஒரு நாளைத் தாண்ட வேண்டாம். குழி வேர்ப்பரப்பைவிட இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருக்கட்டும், ஆழம் மட்டும் வேர் அளவுக்குத்தான். தண்டு விரிந்து வேராக மாறுகிற அந்தத் தூர் மண்மட்டத்தில் வெளியே தெரிய வேண்டும். அது புதைந்தால் மரம் பத்து வருடம் கழித்துக்கூட அதனால் சாகும். குழிக்குள் மக்கு உரம் கொட்டாமல் எடுத்த மண்ணையே திரும்பப் போடுங்கள், உரத்தை மேலே பரப்பலாம். மூடாக்கு 5 முதல் 8 செ.மீ., தண்டைத் தொடாமல்.

புல்தரையில் ஒரு பகுதியைப் பாத்தியாக்க விரும்பினால் தோண்டவே வேண்டாம். புல்லை ஒட்ட வெட்டி, பசை நாடா பிரித்த அட்டைப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்து, நன்றாக நனைத்து, மேலே 10 செ.மீ. மக்கு உரம் போடுங்கள். இப்போது போட்டால் கோடை வாக்கில் கீழே புல் செத்திருக்கும், அட்டையை மண்புழு மென்மையாக்கியிருக்கும்.

விதைகளைப் பற்றிச் சுருக்கமாக: உங்கள் இடத்தின் கடைசி உறைபனித் தேதியை எடுத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள். வெங்காயத்துக்கு 10 முதல் 12 வாரம், மிளகாய்க்கு 8 முதல் 10, தக்காளிக்கு 6 முதல் 8 வாரம் முன்னால் வீட்டுக்குள் விதைத்தால் போதும். தக்காளியை அவசரப்பட்டு விதைத்தால் ஜன்னலோரம் வெளிறி ஒல்லியாக நீண்டு நிற்கும். பழைய விதை இருந்தால் பத்தை ஈரக் காகிதத்தில் சுற்றிச் சூடான இடத்தில் வைத்துப் பாருங்கள், ஆறுக்குக் கீழே முளைத்தால் புதிது வாங்குங்கள்.

கடைசியாக, உங்கள் வீட்டுக்கென்று ஒன்று. முன்பு இருந்தவர்கள் மண்ணுக்கடியில் என்ன நட்டு வைத்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. வெறும் தரையாகத் தெரிகிற இடத்தில் கிழங்குச் செடிகள் தூங்கிக்கொண்டிருக்கலாம். அதனால் இந்த முதல் வசந்தத்தில் பெரிய பாத்தி எதையும் புரட்டாதீர்கள். அட்டை விரிக்க நினைத்த இடத்தையும் முதல் முளைகள் வருகிற வரை சில வாரம் விட்டுப் பாருங்கள். ஒரு கட்டு மூங்கில் குச்சி வாங்கி வையுங்கள். தரையில் பச்சை மூக்கு எங்கெல்லாம் எட்டிப் பார்க்கிறதோ அங்கெல்லாம் ஒரு குச்சியை நட்டு, தேதி எழுதி, அதைத் தாளிலும் குறியுங்கள். கோடையில் அவற்றின் இலை காய்ந்து மறைந்த பிறகு, எங்கே மண்வெட்டியைப் போடக் கூடாது என்று அந்தக் குச்சிகள்தான் காட்டும்.